குருவி தலையில் பனங்காய்

இங்கிலாந்தின் எதிர்ப்புப் பாடல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் அடிபடும் பெயர்களில் ஒன்று ‘தி கட்டி ரென்’. இந்தப் பாட்டு 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியில் பிறந்தது என்பார்கள். அதில் வேட்டையாடப்படும் ரென் என்ற சின்னக் குருவி நிலப்பிரபுவுக்கோ அரசனுக்கோ மறைபெயர் என்பார்கள். குருவியை வெட்டிப் பங்கு போடுவது பண்ணைச் சொத்தைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் திட்டம் என்பார்கள். இசைத்தட்டுகள் இந்தக் கதையைச் சுமந்து வந்திருக்கின்றன, ஒரு புகழ்பெற்ற நாடகத்தில் இது ஏறியிருக்கிறது, பாடுகிறவர்கள் பாட்டுக்கு முன்னுரையாக இதைச் சொல்கிறார்கள். அந்தக் கிளர்ச்சியாளர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவர்கள் பெயரால் இல்லாத ஒன்று சொல்லப்படுவதைச் சகிக்க முடியாமல்தான் எழுதுகிறேன். இந்தப் பாட்டுக்கும் 1381க்கும் தொடர்பு இருப்பதாக இன்றுவரை யாரும் நிறுவவில்லை. காட்டப்படும் காரணங்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

பாட்டு கேள்வி பதிலாகப் போவது. எங்கே போகிறீர்கள் என்று ஒருவன் கேட்பான். சொல்ல மாட்டோம் என்று ஒருவன் இழுப்பான். காட்டுக்கு என்று இன்னொருவன் உடைப்பான். அங்கே என்ன வேலை? ரென் வேட்டை. எதைக் கொண்டு கொல்வீர்கள்? வில்லும் அம்பும் போதாது, பெரிய துப்பாக்கியும் பீரங்கியும் வேண்டும். எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்? ஆள் தோள் தாங்காது, வண்டி கட்ட வேண்டும். எதில் வெட்டுவது, எதில் வேகவைப்பது, எஞ்சிய விலா எலும்பை யாருக்குக் கொடுப்பது? ஏழைகளுக்கு. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்கு என்றால், ஏறத்தாழ பத்து கிராம் எடையுள்ள ஒரு பறவைக்கு. வாலை நிமிர்த்திக்கொண்டு வேலிப்புதருக்குள் ஓடி ஒளியும் பழுப்புக் குருவி அது. உருவத்துக்குப் பொருந்தாத பெருங்குரல் அதற்கு. பறவைகளுக்குள் யார் அரசன் என்ற போட்டியில் கழுகின் சிறகில் ஒளிந்து உயரப் பறந்து வென்றது இதுதான் என்ற கதை ஐரோப்பா முழுக்க உண்டு.

1381ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சரியாக அறிந்தவர்களுக்கே இந்தப் பொருத்தமின்மை உறைக்கும். 1348-49இல் கொள்ளைநோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். கேட்கக்கூடாது என்று 1351இல் சட்டம் வந்தது. பிரான்ஸுடன் நடந்த போருக்காகத் தலைவரி மேல் தலைவரி போட்டார்கள். 1380இல் அறிவித்த மூன்றாவது வரி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட தலைக்கு ஒரு ஷில்லிங். 1381 மே இறுதியில் எசெக்ஸின் பிரென்ட்வுட்டில் வரி விசாரிக்க வந்தவர்களை மக்கள் விரட்டியடித்தார்கள். கென்ட்டிலிருந்து வாட் டைலர் தலைமையில் திரண்டவர்கள் ஜூன் 13 அன்று லண்டனுக்குள் நுழைந்தார்கள். அரசனின் சித்தப்பா ஜான் ஆஃப் காண்டின் சவாய் மாளிகை எரிந்தது. மறுநாள் பேராயர் சைமன் சட்பரியும் கருவூலத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸும் தலை இழந்தார்கள். பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்ட் கொத்தடிமை முறையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தான். ஜூன் 15 அன்று ஸ்மித்ஃபீல்டில் லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த்தின் கத்திக்குத்தில் வாட் டைலர் சாய்ந்தார். கொடுத்த வாக்கை அரசன் திரும்பப் பெற்றுக்கொண்டான். ஊர் ஊராகத் தூக்குமரங்கள் எழுந்தன.

இந்தக் கிளர்ச்சிக்கும் குருவிப் பாட்டுக்கும் முடிச்சுப் போட்டவர் ஒருவர். அவர் பெயரும் ஆண்டும் தெரியும். ஏ. எல். லாயிட், 1944, ‘தி சிங்கிங் இங்கிலிஷ்மேன்’ என்ற சிறுநூல். வெளியிட்டது தொழிலாளர் இசைச் சங்கம். லாயிட் சாதாரண ஆள் இல்லை. 1908இல் பிறந்தவர், சிறுவயதிலேயே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு ஆட்டுப் பண்ணைகளில் உழைத்தவர், அண்டார்டிகாவுக்குத் திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர், கம்யூனிஸ்ட், தானே படித்துத் தேர்ந்த அறிஞர். 1959இல் இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸுடன் சேர்ந்து பெங்குவின் வெளியிட்ட ஆங்கில நாட்டுப்பாடல் தொகுப்பைப் பதிப்பித்தவர். இங்கிலாந்தின் நாட்டுப்பாடலைப் பாதிரிமாரின் வரவேற்பறையிலிருந்து சுரங்கத் தொழிலாளியின் வாய்க்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர். அவரிடம் இந்தத் துறை பட்ட கடன் பெரிது.

ஆனால் 1944 நூல் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். போர்க்காலம். ராணுவக் குடியிருப்பில், டாங்கிப் பீரங்கிப் பயிற்சிகளுக்கு இடையில், கையில் ஆதார நூல்கள் இல்லாமல் எழுதியது. இதை லாயிட்டே பிற்பாடு ‘ஃபோக் சாங் இன் இங்கிலாந்து’ (1967) நூலின் முன்னுரையில் சொல்லி, முந்தையது நல்ல நூல் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். அவருக்கு உந்துதல் தந்தது ஏ. எல். மார்ட்டன் 1938இல் எழுதிய இங்கிலாந்து மக்கள் வரலாறு. மக்களின் வரலாறு இருக்கிறது, மக்களின் பாட்டு இருக்கிறது, இரண்டையும் ஆண்டுவாரியாக இணைக்க வேண்டும் என்ற வேட்கை அந்த நூலின் பக்கந்தோறும் தெரிகிறது. வேட்கை நியாயமானது. ஆனால் 1381 என்ற பெருநிகழ்வுக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது; ஏழைகளுக்குப் பங்கு கொடுக்கும் ஒரு பாட்டு கைக்கு அருகில் இருந்தது; இரண்டும் சேர்த்துவைக்கப்பட்டன. சேர்த்துவைக்க அவர் எந்த ஏட்டையும் காட்டவில்லை, எந்தப் பாடகரின் வாக்குமூலத்தையும் காட்டவில்லை. அவருக்கு முன் இப்படிச் சொன்ன ஒருவரையும் யாராலும் காட்ட முடியவில்லை.

ஏடுகளைப் பார்ப்போம். டேவிட் ஹெர்ட் 1776இல் எடின்பரோவில் அச்சிட்ட ஸ்காட்டிஷ் பாடல் தொகுப்பில் இதன் ஒரு வடிவம் இருக்கிறது. சிறுபிள்ளைகள் வாயில் உருளும் வேடிக்கைப் பெயர்கள் கொண்ட உரையாடல் அது. நமக்குக் கிடைக்கும் பாடபேதங்கள் எதுவும் 18ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போகவில்லை. அதற்குப் பின் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து, மேன் தீவு என்று எங்கும் கிடைக்கிறது. பிள்ளைப் பாடல்களுக்குப் பேரகராதி செய்த ஐயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதியர் 1951இல் இதையும் அந்த வரிசையில்தான் வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போனது ‘பில்லி பார்லோ’ என்ற பெயரில். அங்கே வேட்டையாடப்படுவது எலி. பங்கு போடும் பேச்சு அப்படியே இருக்க, பிரபு மட்டும் எலியாகிவிட்டான் என்று சொல்லப்போகிறோமா? பாட்டின் உயிர் அந்தக் கேள்வி பதில் விளையாட்டில் இருக்கிறது. எந்தப் பிராணியை நடுவில் வைத்தாலும் பாட்டு ஓடுகிறது.

1381க்கும் 1776க்கும் இடையே நானூறு ஆண்டு. வாய்மொழிப் பாட்டு ஏட்டில் ஏறாமல் நூற்றாண்டுகள் வாழும் என்பதே இங்கே வழக்கமாக வரும் பதில். வாழும், மறுக்கவில்லை. ஆனால் வாய்மொழியை நம்புகிறவர்கள் வாய்களைக் கேட்க வேண்டாமா? பாட்டு நானூறு ஆண்டு வாய்வழி வந்தது, பொருளும் கூடவே வந்தது என்றால், பாடிய யாராவது ஒருவர், எந்த ஊரிலாவது, எந்தச் சேகரிப்பாளரிடமாவது ‘இது பிரபுவைப் பற்றிய பாட்டு’ என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒரு பதிவு இல்லை. பாடியவர்கள் ரென் வேட்டைக்குக் காரணம் சொல்லாமல் இருந்தார்களா? நிறையச் சொன்னார்கள். புனித ஸ்தேவான் ஒளிந்திருந்த இடத்தை இந்தக் குருவி கத்திக் காட்டிக்கொடுத்தது என்றார்கள். அயர்லாந்தில், பகைவர் உறங்கும் வேளையில் பாய நெருங்கியபோது முரசின் மேல் உட்கார்ந்து கொத்தி எழுப்பிவிட்டது என்றார்கள். இந்தக் கதையை ஜான் ஆப்ரி 1696இலேயே அச்சிட்டிருக்கிறார். மேன் தீவில் ஆண்களை மயக்கிக் கடலில் ஆழ்த்திய மோகினி குருவியாக மாறித் தப்பினாள் என்றார்கள். காரணங்கள் இத்தனை இருக்க, உழவர் கிளர்ச்சி மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்தது 1944இல், ஒரு நூலாசிரியரின் பேனாவில்.

இதற்கும் ஒரு தயார் பதில் உண்டு. அது சங்கேதப் பாட்டு, ரகசியம் காத்தார்கள், அதனால்தான் தடயம் இல்லை என்பார்கள். தடயம் இருந்தால் சான்று, இல்லாவிட்டால் ரகசியத்துக்குச் சான்று என்று வாதாடினால் உலகத்தில் எந்தப் பாட்டுக்கும் எந்த ஆண்டையும் போட்டுவிடலாம். அதைவிட முக்கியமானது ஒன்று. 1381இன் சங்கேத மொழி எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும். அது எழுத்தில் கிடைத்திருக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு ஆற்றாமை வருகிறது.

ஜான் பால் என்ற பாதிரியார் கென்ட், எசெக்ஸ் பகுதிகளில் இருபது ஆண்டு அலைந்து, பிரபுவும் அடிமையும் ஆதியில் இல்லை என்று போதித்துச் சிறை சென்றவர். பிளாக்ஹீத் மேட்டில் கூடியவர்களுக்கு ஆதாம் ஏவாளைக் காட்டிச் சமத்துவம் பேசியவர். அவரும் அவர் கூட்டாளிகளும் ஊர்களுக்கு அனுப்பிய சுற்றுக்கடிதங்கள் சில, தாமஸ் வால்சிங்கம், ஹென்றி நைட்டன் என்ற இரு துறவிகளின் வரலாற்றேடுகளில் படியெடுக்கப்பட்டிருக்கின்றன. இருவரும் கிளர்ச்சியை வெறுத்தவர்கள். குற்றச்சான்றாகக் காட்டத்தான் படியெடுத்தார்கள். ஒரு கடிதம் தூக்கிலிடக் கொண்டுபோன ஒருவனின் உடைக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது என்று வால்சிங்கம் எழுதுகிறார். ஆங்கிலத்தில், பாதி உரைநடையும் பாதி எதுகையுமாக எழுதப்பட்டவை அவை. ஜேக் எனும் ஆலைக்காரன், ஜேக் எனும் வண்டிக்காரன், ஜேக் எனும் மெய்யன் என்று புனைபெயர்கள். உழவன் பியர்ஸ் தன் வேலையைத் தொடரட்டும் என்கிறார்கள். கவிஞர் லாங்லண்டின் காவியத்திலிருந்து வந்த பெயர் அது. திருடன் ஹாப்பைத் தண்டியுங்கள் என்கிறார்கள். ஆலையைச் சரியாகச் சுற்றவைக்கப் பலமும் நியாயமும், திறமும் மனவுறுதியும் சேர்ந்து வர வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஊரில் வஞ்சகர் இருக்கிறார்கள், ஒரே தலைவனின் கீழ் நில்லுங்கள் என்று எச்சரிக்கிறார்கள். இதுதான் அவர்களின் சங்கேதம். மாவரைக்கும் ஆலையிலிருந்தும் வண்டிப் பாதையிலிருந்தும் ஏர்க்காலிலிருந்தும் எடுத்த சங்கேதம். இவ்வளவு கையில் இருக்க, அதைப் படிக்காமல் விட்டு, அவர்கள் பாடியதற்குச் சான்றே இல்லாத குருவிப் பாட்டை அவர்கள் குரல் என்று பாடுவது அந்த மனிதர்களுக்கு நாம் செய்யும் குறை.

இன்னும் இருக்கிறது. தலைவரி எல்லோரையும் கெடுத்தது என்ற கருத்தில் தொடங்கி, ஒரு வரி ஆங்கிலமும் ஒரு வரி லத்தீனுமாகப் போகும் 1381 கிளர்ச்சிப் பாட்டு ஒன்று சுவடியில் தப்பியிருக்கிறது. அதற்கு நாற்பது ஆண்டு முந்தைய ஹார்லி 2253 என்ற சுவடித் தொகுப்பில், வரிக்காரனும் மழையும் சேர்ந்து ஏரைப் பிடித்தவனை நொறுக்குவதை எழுதிய உழவன் புலம்பல் இருக்கிறது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில். ஆக, 14ஆம் நூற்றாண்டின் எதிர்ப்புக் கவிதை எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருளில் தடவ வேண்டிய நிலை இல்லை. அதன் யாப்பு தெரியும், சொல் தெரியும், கோபத்தின் தோரணை தெரியும். ‘கட்டி ரென்’ அதில் எதையும் ஒத்திருக்கவில்லை.

ஆயுத வாதத்தை எடுத்துக்கொள்வோம். வில்லும் அம்பும் போதாது, துப்பாக்கி வேண்டும் என்ற இடம்தான் புரட்சி வாசிப்பின் உச்சம். சாதாரண ஆயுதத்தால் ஆட்சியை வீழ்த்த முடியாது என்ற ஞானமாம். 1381இல் எந்த ஆங்கில உழவனும் அப்படி நினைத்திருக்க வழியில்லை. 1346இல் கிரெஸியிலும் பிறகு 1415இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக் குதிரைப்படையைச் சாய்த்தது நீள்வில். பண்டிகை நாட்களில் ஊரார் வில் பழக வேண்டும் என்று 1363இல் அரசாணையே போட்டிருந்தார்கள். கிளர்ச்சியாளர்களின் ஆயுதங்களை வால்சிங்கம் ஏளனமாக விவரிக்கிறார்: தடிகள், துருப்பிடித்த வாள்கள், கோடரிகள், புகையும் வயதும் ஏறிச் சிவந்த விற்கள், ஒற்றை இறகு மிஞ்சிய அம்புகள். ஏளனத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அடுப்புக்கு மேல் பரணில் கிடந்த தாத்தாவின் வில்லை இறக்கி எடுத்துக்கொண்டு நடந்த மனிதன் கண்ணுக்குத் தெரிகிறான். லண்டன் கோட்டைக்குள் போக அவனுக்கு அந்த வில் போதுமானதாக இருந்தது. துப்பாக்கி வரி பிற்காலத்தில் சேர்ந்திருக்கலாம், பாட்டுகள் அப்படி மாறுவது இயல்புதான் என்று சொல்லலாம். சொன்னால், பாட்டின் எந்த வரி பழையது எந்த வரி இடைச்செருகல் என்று தெரியாதபோது அந்த ஒரு வரியை மட்டும் 1381இன் ஞானமாக எடுத்துக்காட்டும் வாதம் தானாகவே போய்விடுகிறது.

லாயிட் ஒரு காட்சியைச் சொல்கிறார். ஆக்ஸ்ஃபோர்ட்ஷையரில் பான்பரிக்கு அருகே ஆடர்பரி என்ற ஊரில் ஒரு முதிய இடையர் இந்தப் பாட்டைப் பாடும்போது கோலால் தரையை அடித்து, முடிவில் ஓங்கி மிதிப்பாராம். மிதிப்பதுதான் முறை என்றும் பழைய காலத்தை அது நினைவூட்டுகிறது என்றும் சொன்னாராம். அந்த மிதியில் பண்டைக் கலகத்தின் நினைவு ஒலிக்கிறதோ என்று லாயிட் வியக்கிறார். இடையர் சொன்னதை அவர் சொன்ன அளவோடு எடுத்துக்கொள்வோம். பழைய காலம் என்றால் ஒரு கிழவனுக்கு அவன் இளமைக்காலம். மதுக்கடையின் பலகைத் தரையில் நாற்பது பூட்ஸ்கள் ஒன்றாக விழுந்த இரவுகள். ஆடர்பரி மோரிஸ் என்ற நாட்டார் ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். கோலடிப்பும் கால்மிதியும் அந்த ஊர்க்காரனுக்குப் பிறவியிலேயே வந்தவை. அவர் சந்தோஷத்தை வேறொரு நூற்றாண்டின் கோபமாகப் பெயர்க்க நமக்கு உரிமை கிடையாது.

அப்படியானால் பாட்டு எங்கே நிற்கிறது? அது நிற்கும் இடம் நன்றாகத் தெரிந்த இடம். குளிர்காலத்தின் நடுவே, கிறிஸ்துமஸை ஒட்டிய பன்னிரண்டு நாட்களில் ரென் குருவியை வேட்டையாடி வீடு வீடாக எடுத்துச் சென்று காசு கேட்கும் வழக்கம் அயர்லாந்திலும் மேன் தீவிலும் வேல்ஸிலும் இருந்தது. அயர்லாந்தில் டிசம்பர் 26க்கு ரென் நாள் என்றே பெயர். மேன் தீவைப் பற்றி ஜார்ஜ் வால்ட்ரன் எழுதி 1731இல் அச்சான விவரணை தெளிவானது. டிசம்பர் 24 மாலை வேலைக்காரர்கள் எல்லோருக்கும் விடுமுறை. இரவு முழுக்க உறங்குவதில்லை. தேவாலய வழிபாடு முடிந்ததும் ரென் வேட்டைக்குப் புறப்படுவார்கள். ஒன்றைக் கொன்று, பாடையில் கிடத்தி, ஊர்த் தேவாலயத்துக்குத் தூக்கிவந்து, மேன் மொழியில் ஒப்பாரி பாடிப் புதைப்பார்கள். அதற்குப் பிறகுதான் கிறிஸ்துமஸ் தொடங்கும்.

வேல்ஸின் பெம்புரோக்ஷையரில் மார்லோஸ் என்ற ஊரில் 1869இல் செய்த ரென் வீடு ஒன்று கார்டிஃபுக்கு அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கைக்கு அடக்கமான மரப்பெட்டி. கதவும் ஜன்னலும் வைத்து உண்மையான வீடு போலவே செய்தது. மேலே வண்ண ரிப்பன்கள். உள்ளே குருவி. இதைக் கழிகளில் ஏற்றி, பன்னிரண்டாம் இரவன்று நான்கு ஆண்கள் சுமப்பார்கள். பாரம் தாங்கவில்லை என்று முனகிக்கொண்டே சுமப்பார்கள். பத்து கிராம் குருவியை நான்கு பேர் முக்கி முனகித் தூக்குகிறார்கள்! பாட்டில் வண்டி கட்டுவதும் பீரங்கி கொண்டுவருவதும் இந்த முனகலின் சொல்வடிவம். குருவி தலையில் பனங்காய் வைக்கும் இந்த விளையாட்டை ஊரே சேர்ந்து ஆடியது. அதை விளையாட்டு என்று தெரியாமல் பனங்காயை நிஜமாகவே ஏற்றிவைத்தது பின்னால் வந்த வாசிப்பு.

இதே அளப்பு ‘டார்பி ஆடு’ பாட்டிலும் உண்டு. அந்தக் கிடாயின் ரோமம் வானம் தொடும், அதில் கழுகு கூடு கட்டும், அறுத்தவன் ரத்தத்தில் மூழ்கிச் சாவான். டார்பிஷையரிலும் அண்டை ஊர்களிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஆட்டு வேடம் போட்டு வீடு வீடாகப் போய்ப் பாடிக் காசு வாங்கிய பாட்டு அது. அதே பருவம், அதே வாசல், அதே மிகைப்படுத்தல். அந்த ஆட்டுக்குள் எந்தப் பிரபுவைத் தேடுவது?

இங்கே வர்க்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வர்க்கம் தெளிவாகவே இருக்கிறது, வேறு இடத்தில். வால்ட்ரன் சொல்லும் வேலைக்காரர்களின் ஒற்றை விடுமுறையில் இருக்கிறது. வேலை குறைந்த, கூலி வற்றிய டிசம்பர் மாதத்தில், ஆண்டு முழுக்கக் கைகட்டி நின்ற வாசலிலேயே முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்து உரிமையோடு காசும் சோறும் கேட்கும் ஏழைகளிடம் இருக்கிறது. விலா எலும்பு ஏழைக்கு என்ற வரி அந்த வாசலில் நின்று பாடப்படும்போது எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய வீட்டு விருந்தில் ஏழைக்கு என்ன மிஞ்சும் என்பதைப் பாடியவனும் அறிவான், கேட்டவனும் அறிவான். மேலே இருந்தவர்களுக்கு இது பிடித்ததும் இல்லை. 1845இல் கார்க் நகர மேயர் குருவி வேட்டைக்குத் தடையறிக்கை வெளியிட்டார். ஏழைகளின் குரல் வேண்டுமென்றால் அது இந்த வழக்கத்திலேயே, பெயர் அறியாத நூற்றுக்கணக்கான வாசல்களில் இருக்கிறது. வாட் டைலரின் பெயரை இரவல் வாங்கினால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு வரும் என்று நினைப்பது, அன்றாட ஏழ்மையை எளிதாகக் கடந்துபோகும் பழக்கம்.

1381 தவறென்று ஒத்துக்கொள்கிறவர்கள் சிலர் உடனே பின்னோக்கி ஓடி, பாட்டு கிறித்தவத்துக்கு முந்தைய பலிச்சடங்கின் எச்சம் என்பார்கள். லாயிட்டும் 1967இல் அந்தப் பக்கம் சாய்ந்தார். நானூறு ஆண்டு இடைவெளியை நிரப்ப முடியாதவர்கள் ஆயிரம் ஆண்டு இடைவெளியை எப்படி நிரப்புவார்கள்? வேட்டை வழக்கத்துக்கே நம்மிடம் இருக்கும் தெளிவான எழுத்துச் சான்றுகள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகின்றன. பழமை என்பதைப் பெருமையாக எண்ணும் நோய் இது. ‘ரிங் எ ரிங் ஓ ரோசஸ்’ 1665 லண்டன் கொள்ளைநோயைப் பாடுகிறது என்ற கதையும் இதே நோயால் வந்தது. அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881இல், கேட் கிரீன்அவேயின் பிள்ளைகள் நூலில். கொள்ளைநோய் விளக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டில்.

லாயிட்டின் கை பாடல்களுக்குள்ளும் நுழைந்தது என்பதை மறக்கக்கூடாது. ‘தி ரிக்ரூட்டட் காலியர்’ என்று 1952இல் சுரங்கப் பாடலாக அவர் வெளியிட்டது, கம்பர்லாந்து வட்டாரக் கவிஞர் ராபர்ட் ஆண்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘ஜென்னிஸ் கம்ப்ளெய்ன்ட்’ என்ற கவிதையின் மாற்றுரு. மூலத்தில் படைக்குப் போனவன் ஏர் உழுபவன். லாயிட் வெளியிட்டதில் சுரங்கத் தொழிலாளி. இதை நாட்டுப்பாடல் ஆய்வாளர் ராய் பால்மர் கண்டறிந்து காட்டினார். அழகான பாட்டு, இன்றும் பாடப்படுகிறது. ஆனால் ஒருவர் சொல்லும் காலக்கணிப்பைச் சோதிக்காமல் ஏற்பதற்கு முன் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சரியாக ஆண்டு சொல்லக்கூடிய கலகப் பாட்டுகள் இங்கிலாந்தில் இல்லாமல் போகவில்லை. செயின்ட் ஜார்ஜ் குன்றில் 1649இல் பொதுநிலத்தைக் கொத்திப் பயிரிட்ட டிக்கர்கள் பாடிய பாட்டு, கிராம்வெல் படையின் செயலாளர் வில்லியம் கிளார்க்கின் கையெழுத்துக் கட்டுகளில் தப்பி, ஆக்ஸ்ஃபோர்டின் வொர்செஸ்டர் கல்லூரியில் கிடந்து, 1890களில் அச்சேறியது. சுவடி யாருடையது, எங்கே இருக்கிறது, யார் அச்சிட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. கலகத்தை நேசிக்கிறவர்கள் இத்தகைய பதிலைத்தான் கேட்க வேண்டும்.

‘எந்த ஆண்டாக இருந்தால் என்ன, மக்கள் அதைக் கலகப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள் அல்லவா’ என்பது கடைசி வாதம். எனக்கு வந்த எதிர்வாதங்களில் மதிக்கத்தக்கது இது ஒன்றே. ஆமாம், எடுத்துக்கொண்டார்கள். ஆர்னால்ட் வெஸ்கரின் ‘சிப்ஸ் வித் எவ்ரிதிங்’ 1962இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. விமானப்படையில் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள், கிறிஸ்துமஸ் விருந்தில் அதிகாரிகள் முன் பாடச் சொல்லப்படுகிறார்கள். இவர்களுக்குத் தெரிந்தது மலிவான பாட்டுத்தான் என்று மேலதிகாரி எதிர்பார்க்கிறார். பிப் என்ற இளைஞன் ‘கட்டி ரென்’னை எடுத்துக்கொடுக்கிறான். ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். குரல் ஏறுகிறது, மேசை அதிர்கிறது, அதிகாரிகளின் முகம் மாறுகிறது. வெஸ்கரே விமானப்படையில் கட்டாயச் சேவை செய்தவர். அந்தக் காட்சியின் சூடு அங்கிருந்து வந்தது. 1988இல் லீட்ஸின் அராஜகவாத இசைக்குழு சம்பாவாம்பா, ‘இங்கிலிஷ் ரெபெல் சாங்ஸ் 1381-1914’ என்ற தட்டை இந்தப் பாட்டோடு தொடங்கியது. நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டு மூன்று ஆண்டே ஆன நேரம் அது.

இந்தப் பாட்டு எதிர்ப்புப் பாட்டாக ஆனது இவர்களால். பாசிசத்தோடு போர் நடக்கும்போது ராணுவக் குடியிருப்பில் எழுதிய ஒரு கம்யூனிஸ்ட், தொழிலாளர் இசைச் சங்கம், ஒரு நாடகாசிரியர், தாட்சர் காலத்துப் பாடகர்கள். அவர்கள் சேர்ந்து ஒரு பிள்ளைப் பாட்டுக்குப் பல் வைத்தார்கள். அது உண்மையான உழைப்பு, உண்மையான வரலாறு, அதற்கு நாள் கிழமை உண்டு. 1381 என்று போடும் ஒவ்வொரு முறையும் அந்த உழைப்பை நாம் அழிக்கிறோம். 20ஆம் நூற்றாண்டு மனிதர்கள் புதிதாக எதையும் படைக்கவில்லை, பழையதைக் கண்டெடுத்தார்கள் என்று ஆகிவிடுகிறது. கண்டெடுத்தார்கள் என்பதே தவறு. படைத்தார்கள்.

ஆகவே பாட்டைப் பாடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மேசையை அதிரவைத்துப் பாடுங்கள். முன்னுரையில், குளிர்கால வாசல்களில் காசு கேட்டுப் பாடிய பாட்டு இது, 18ஆம் நூற்றாண்டிலிருந்து அச்சில் கிடைக்கிறது, 1944இல் ஏ. எல். லாயிட் இதற்குக் கலகப் பொருள் கொடுத்தார் என்று சொல்லுங்கள். 1381இன் குரல் மேடையில் ஒலிக்க வேண்டுமென்றால் ஜான் பாலின் கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. அரைப்பக்கம், முக்கால் பக்கம். எதுகையும் மோனையும் ஓடும் நடை, வாய்விட்டுப் படிக்கவென்றே எழுதியவை. இசையமைக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.